சிலுவையின் பெருவிரல்

பெரிய வியாழன் அன்று கால் கழுவப்படுவதற்கு ஒரு மனிதனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று புன்னைத்துறையில் அந்த வருடம் வரைக்கும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. கால் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தார்கள்.

முட்டத்துக்கு மேற்கே, கடலோர ரோட்டில் கொஞ்சதூரம் போனால் புன்னைத்துறை. ஊர் முழுக்க ஒரு சாமியாரின் பொறுப்பில் வரும் ஒரே பங்கு, ஒரே கோயில். பங்கைப் பன்னிரண்டு அன்பியங்களாக, அதாவது குடும்பக் குழுக்களாக, பிரித்திருக்கிறார்கள். தெருவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இயேசு தாம் இறப்பதற்கு முந்தின நாள் சீடர்கள் பன்னிரண்டு பேருடைய காலையும் கழுவினார் அல்லவா, அதன் நினைவாக அன்பியத்துக்கு ஒருவர் வீதம் பன்னிரண்டு பேர் பெரிய வியாழன் பூசையில் பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார்கள். சாமியார் முழங்காலிட்டு ஒவ்வொருவரின் வலது காலிலும் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிடுவார். பத்து நிமிட வேலை. முடிந்ததும் அந்தப் பன்னிரண்டு பேரும் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்த வருடம் கோயிலுக்கு நூற்றிருபத்தைந்து வயது. அதனால் மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயரே நேரில் வந்து கால் கழுவுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். தவக்காலம் தொடங்கிய முதல் ஞாயிறு ஒவ்வொரு அன்பியத்திலும் சீட்டுப் போட்டார்கள். ஏழாவது அன்பியத்தில் எப்போதும் விசைப்படகு வைத்திருப்பவர்களில் ஒருவர்தான் போவது வழக்கம். சீட்டுக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. சிலுவை என்று வந்துவிட்டது.

சிலுவைக்கு ஐம்பத்து மூன்று வயது. துறைமுகத்தில் ஐஸ் பிளான்டில் வேலை. விடிவதற்கு முன்னால் போய், ஐஸ் பாளங்களை இழுத்து மிஷினில் போட்டு உடைத்து, படகுகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மதியம் திரும்புவார். முப்பது வருடமாகக் காலில் ரப்பர் பூட்ஸ், பூட்ஸுக்குள் ஐஸ் தண்ணீர். பங்கில் அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது இரண்டே இடத்தில்: ஞானஸ்நானப் பதிவேட்டிலும் கல்யாணப் பதிவேட்டிலும். மூன்றாவதாக எங்கே எழுதுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இப்படி ஒன்று வந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். மனைவி பூங்கனி அன்றைக்கே கடியபட்டணத்தில் இருக்கும் தங்கச்சிக்கு போன் போட்டுச் சொன்னாள். மறுநாள் வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் எடுத்தாயிற்று.

பங்கு நிர்வாகத்தைப் பங்குப்பேரவை பார்க்கிறது. பேரவைச் செயலாளர் ஜாஸ்பர், குவைத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஊருக்குத் திரும்பி வந்தவருக்கு ஊர் முழுக்க ஆபத்தாகத் தெரிந்தது. தீர்த்தத் தொட்டிக்கு மேலே 'தரை வழுக்கும்' என்று பலகை வைத்தார். மணிக்கூண்டில் ஏறுகிறவர் தலைக்கவசம் போட வேண்டும் என்றார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்' என்று எழுதி ஒட்டியவரும் அவர்தான். பங்குச்சாமியார் புதிதாக வந்த இளைஞர். பேரவை எதையாவது செய்துகொண்டிருந்தால் தன்னிடம் வராது என்று கண்டுகொண்டவர்.

ஜாஸ்பர் 'பாதத் தயாரிப்புக் குழு' என்று ஒன்றை அமைத்து, அதற்குத் தானே தலைவரானார். முதல் கூட்டத்தில் பன்னிரண்டு பேரையும் மறைக்கல்வி அறையில் உட்கார வைத்துப் பேசினார்.

"தாழ்மைங்கறது சும்மா வந்துராது. அதுக்கு பிளானிங் வேணும். இயேசு பன்னிரண்டு பேருக்க காலயும் கழுவினாரு, சரிதான். அண்ணைக்கு கேமரா உண்டுமா? லைவ் உண்டுமா? துபாய்ல இருந்தும் அமெரிக்காவுல இருந்தும் ஆளு பாத்தாவளா? அவருக்கு அந்தத் தொந்தரவு ஒண்ணும் இல்ல. நமக்கு இருக்கு."

பிறகு வீடியோக்காரன் டெல்வின் எழுந்து விளக்கினான். கோயில் முற்றத்தில் பன்னிரண்டு அடி அகலத்துக்குப் பெரிய திரை வைக்கப்போகிறார்கள். தண்ணீர் விழும்போது காலைக் கிட்டத்தில் காட்டுவான். ஒரு பெருவிரல் நகம் அந்தத் திரையில் கோயில் சன்னல் அளவுக்குத் தெரியும். இதைச் சொல்லிவிட்டு அவன் பெருமையாக உட்கார்ந்தான். பன்னிரண்டு பேரும் மெல்லக் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே வரிசையாக நிற்க வைத்து, நம்பர் அட்டையைப் பக்கத்தில் வைத்து, வலது கால்களைப் படம் எடுத்தார்கள். சிலுவையின் முறை வந்ததும் டெல்வின் கேமராவைத் தாழ்த்திவிட்டு ஜாஸ்பரைப் பார்த்தான். ஜாஸ்பர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். பெருவிரல் நகம் மஞ்சளடித்து, தடித்து, ஓரத்தில் பழைய சுவரின் காரை மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. ஏழு வருடமாக அப்படித்தான். வலி இல்லை, நமைச்சல் இல்லை. நீளும்போது சிலுவை கத்தியால் செதுக்கி விடுவார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் நினைத்தது கிடையாது. நகத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று ஜாஸ்பர் அறிவித்தார். படிவத்தில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையால் வட்டம் போடப்பட்டது.

இரண்டு நாள் கழித்து ஜாஸ்பர் தானே வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டைகளைக் கொடுத்தார். தெரிந்த மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. நாளைக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டிய மருந்தாம். பெரிய வியாழனுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அதனால் நாளைக்கு இரண்டு சாப்பிட்டால் ஏறக்குறைய சரியாக வரும் என்று கூட்டிக் கழித்துச் சொன்னார். சிலுவை, தனக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலை வந்து பெரும்பாடு பட்டதைச் சொன்னார். ஜாஸ்பர் கையிலிருந்த படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அதை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை அவர் எழுதவில்லை.

பங்கு கொடுத்த மருந்து, பீடத்தில் வைத்து ஆசீர்வதித்ததும் கூட. சிலுவை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விழுங்கினார்.

பத்தாம் நாள் மீன் வாடையே ஆகாமல் போயிற்று. ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கிறவனுக்கு மீன் வாடை ஆகாதென்றால் எங்கே போவது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. பதினோராம் நாள் காலையில் மூத்திரம் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போயிற்று. பூங்கனி அவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். சேலையை மாற்றிக்கொண்டு, அவரை பஸ்ஸில் ஏற்றி நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மாத்திரை அட்டையைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

அங்கே தோல் பிரிவில் இருந்தவர் டாக்டர் பிரீனா. கருங்கல் பக்கத்துப் பெண். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு இதை எழுதித் தந்தது யார் என்று கேட்டார். பங்குப்பேரவை என்றார் சிலுவை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டார். அதே பதில்தான் வந்தது. ரத்தம் எடுத்தார்கள். ஈரல் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தது. மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்தி, நான்கு நாள் படுக்க வைத்தார்கள். நோயாளிச் சீட்டில் 'மருந்து பரிந்துரைத்தவர்' என்ற இடத்தில் டாக்டர் உள்ளதை உள்ளபடி எழுதினார்.

நாலாம் நாள் கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது. டாக்டர் பிரீனா படுக்கையருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இருவருக்கும் விவரமாகச் சொன்னார். நகத்தின் உதிரும் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். பூஞ்சைதான் என்று வந்திருந்தது. முதலில் செய்ய வேண்டியது அந்தப் பரிசோதனைதான் என்றார். நகம் கெட்டுப்போய் வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பூஞ்சையே இருக்காது. அடிபட்டதாக இருக்கும், வேறு தோல் நோயாக இருக்கும். அவர்களும் மாத்திரையைத் தின்று ஈரலைக் கெடுத்துக்கொள்வார்கள். நல்ல மாத்திரைதான், கேட்கும் மாத்திரைதான். ஆனால் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் பார்க்க வேண்டும். சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும். இன்னொரு வகை மாத்திரை இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது, வேறு மருந்துகளோடு சண்டைக்குப் போகும். சிலுவையின் ஈரலுக்கு இரண்டுமே இப்போது கிடையாது, பிறகும் அநேகமாகக் கிடையாது.

நகத்தில் பூசுகிற மருந்து உண்டு. ஆபத்து இல்லை. ஒரு வருடம் விடாமல் பூச வேண்டும். அவர் நகத்தின் தடிமனுக்கு அதுவும் கேட்குமோ கேட்காதோ. லேசர் என்று சொல்வார்கள். செலவு நிச்சயம், பலன் நிச்சயமில்லை. நகத்தையே பிடுங்கினால் புண்தான் மிச்சம். அடியில் பூஞ்சை இருந்தால் புது நகத்திலும் ஏறும். ஐஸ் தண்ணீரில் நிற்கிறவர் புண்ணோடு நிற்க முடியாது. எதைச் செய்தாலும் பெருவிரல் நகம் முழுசாக மாறி வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும்.

"நகத்துக்கு அவசரம் கெடையாது அண்ணா," என்றார் டாக்டர். "ஒங்களுக்கு சுகர் இல்ல, வலி இல்ல. கால ஈரமில்லாம வச்சிக்கிடுங்க. செவந்தாலோ வலிச்சாலோ ஓடி வாங்க. மத்தபடி ஒண்ணும் செய்யாம இருக்கதும் ஒரு வழிதான். இதுல ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, அதச் செய்வோம்."

அந்த நகத்தைப்பற்றி இத்தனை பேர் பேசிவிட்டார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ராஜாக்கமங்கலம் தாண்டுகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு பூங்கனியிடம், நகம் கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார். அவளும் சரி என்றாள்.

ஜாஸ்பர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். மருந்து பாதியில் நின்றுபோனதில் அவருக்கு மிகுந்த வருத்தம். நடந்ததை அறிக்கையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். பூங்கனி, மனிதன் செத்திருப்பான் என்று சொன்னபோது அவர் தலையை ஆட்டி ஆமோதித்தார். "சாவல்லியே. செத்தா அது ஆக்சிடென்ட். சாகாம தப்பினா அதுக்கு நியர் மிஸ்னு பேரு. இது நியர் மிஸ். நம்ம ரெக்கார்டு இன்னும் கிளீனாட்டுதான் இருக்கு." பூங்கனி ஆரஞ்சை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் நாகர்கோவிலில் இருக்கும் ஒரு அழகு கிளினிக்கிலிருந்து சுயம்புராஜ் என்ற மேலாளர் கழுத்தில் டையோடு வந்தார். பன்னிரண்டு பேரின் பாதப் பராமரிப்பையும் கிளினிக் இலவசமாக ஏற்கும். பதிலுக்குக் கோயில் வளைவில் ஒரு விளம்பரத் தட்டி. தட்டியின் மாதிரியை விரித்துக் காட்டினார். 'முன்பு' என்ற இடத்தில் சிலுவையின் கால். டெல்வின் எடுத்த படம். 'பின்பு' என்ற இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு கால் ஏற்கனவே இருந்தது. அது யாருடைய கால் என்று சிலுவை கேட்டார். கம்பெனியிலிருந்து அனுப்பியது என்றார் சுயம்புராஜ். லேசர் அடித்தால் நகம் சரியாகிவிடுமா என்று கேட்டதற்கு அவர் மிகவும் நேர்மையாகப் பதில் சொன்னார்.

"சரியாவும்னு நாங்க எழுதித் தர மாட்டோம். சரியாவாதுன்னும் எழுதித் தர மாட்டோம். ஆறு சிட்டிங் எடுத்தா ஒங்களுக்கே ஒரு நம்பிக்கை வரும். நகம் வாறதுக்கு வருசம் ஆவும். நம்பிக்கை ஒடனே வரும்."

நம்பிக்கைக்குத்தான் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு சிலுவை எழுந்து போய்விட்டார். இது வெறும் நகத்தைக் குறித்த பிடிவாதம் இல்லை என்று ஜாஸ்பருக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். கூட்டக் குறிப்பேட்டில் 'ஒத்துழையாமை' என்று எழுதினார்.

பெரிய வியாழனுக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிற்றுக்கு முன்னால் நகத்தை அகற்றுவது என்று பேரவை தீர்மானம் போட்டது. ஏழு பேர் ஆதரவு, எதிர்ப்பு இல்லை. நகத்தின் சொந்தக்காரருக்கு ஓட்டு இல்லை. சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தது. நகம் எடுப்பதால் வரும் ரத்தப்போக்கு, சீழ், நகம் கோணலாக முளைப்பது, பூஞ்சை திரும்ப வருவது இவை எதற்கும் பேரவை பொறுப்பல்ல என்று முதல் பத்தி. சடங்கு சிறப்பாக முடிந்தால் அதன் பெருமை முழுவதும் பேரவையைச் சேரும் என்று இரண்டாம் பத்தி. கீழே கையெழுத்துக்குக் கோடு. சிலுவை அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே பங்குச்சாமியாரிடம் போனார்.

சாமியார் திருவிழா மலருக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். சிலுவை சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மனிதனின் உடம்பு கடவுள் தந்தது, அதில் பிறர் கை வைக்க முடியாது என்பதைத் தாமே இரண்டு ஞாயிறுக்கு முன்னால் பிரசங்கத்தில் சொன்னதாக நினைவூட்டினார். பிறகு, "ஆனா இது கமிட்டி முடிவு செஞ்ச காரியம், சிலுவை. இதுல அபிப்பிராயம் வைக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார்.

படிவத்தைச் சிலுவை திருப்பிக் கொடுக்கவேயில்லை. கையெழுத்தும் போடவில்லை. அவர் பேரை வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் மீண்டும் சீட்டு, மீண்டும் கால் பரிசோதனை. அதற்கு நாளில்லை. அப்போதுதான் ஒரு உறுப்பினருக்கு யோசனை வந்தது. சிலுவையின் இடது கால் நன்றாகத்தானே இருக்கிறது, அதைக் கழுவினால் என்ன? ஒருவருக்கு மட்டும் இடது கால் என்றால் திரையில் கோணலாகத் தெரியும் என்றான் டெல்வின். அதனால் பன்னிரண்டு பேருக்கும் இடது கால் என்று முடிவாயிற்று. இடது கால் செல்லுமா என்று பழைய பூசைப் புத்தகங்களைப் புரட்டினார்கள். கால் என்று மட்டுமே இருந்தது. பெரிய நிம்மதி.

ஆனால் இடது கால்களை இன்னும் யாரும் பரிசோதிக்கவில்லை. பரிசோதித்தார்கள். மூன்றாம் அன்பியத்து மரியலூயிஸ் என்ற கிழவருக்கு நான்கு நகத்தில் பூஞ்சை. அவர் அறுபது வருடம் கட்டுமரத்தில் போனவர். ஒருவருக்கு வலை இழுக்கும் வின்ச் கயிற்றில் மாட்டிச் சுண்டுவிரல் போயிருந்தது. மீன் விற்கும் தாணம்மாளின் குதிகாலில் உள்ள வெடிப்புகளில் நாணயம் சொருகி வைக்கலாம். ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கால் ஆணி. ஒன்பதாம் அன்பியத்துக்காரருக்கு நகம் சதைக்குள் வளர்ந்திருந்தது. சந்தேகம் வந்து, முன்பு தேறிய வலது கால்களையும் டார்ச் அடித்து மறுபடி பார்த்தார்கள்; சிலுவையின் இடது காலும் தப்பவில்லை, இருபத்து நான்கு கால்களில் குழுவின் தரத்துக்குத் தேறியவை இரண்டு. இரண்டும் ஒரே ஆளுடையவை. அவர் கூட்டுறவு வங்கி குமாஸ்தா. மெத்தை போட்ட செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்ளும் நடக்காதவர். அவர் காலையே பன்னிரண்டு தடவை கழுவிப் படம் எடுத்து இடையிடையே சேர்த்துக்கொள்ளலாம், தொழில்நுட்பத்தில் சிரமம் இல்லை என்றான் டெல்வின். ஒரே ஆளாகப் பன்னிரண்டு சீடர்களாக இருக்க முடியாது, அதில் காட்டிக்கொடுத்த யூதாசும் வருகிறான் என்று குமாஸ்தா மறுத்துவிட்டார்.

கடைசியில் ஜாஸ்பர் மார்த்தாண்டம் போய்ப் பன்னிரண்டு ஜோடி மெல்லிய சாக்ஸ் வாங்கி வந்தார். தோல் நிறம். திரையில் பார்த்தால் கால் மாதிரியே தெரியும், ஒரு குறையும் இல்லாத கால். மறுபடி வலது காலுக்கே திரும்பலாம் என்றும், ஆயர் சாக்ஸின் மேலேயே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடலாம் என்றும் அறிவித்தார். அவருடைய பேச்சு அன்றைக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. "இந்த அஞ்சு வாரமும் இந்தக் கமிட்டி ஓய்ஞ்சு இருக்கல்ல. கால் கழுவுறதுக்கு முன்னாடியே காலுல அழுக்கு ஒண்ணும் இல்லாம ஆக்கியாச்சு. இனி ஆண்டவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல." ஆயரை அந்த ஊரில் ஆண்டவர் என்றுதான் சொல்வார்கள்.

சிலுவையிடம் ஒரு ஜோடியைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பூங்கனி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் நாளிலிருந்து அவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை ஆஸ்பத்திரியில் பாதி போயிருந்தது. மீதி இன்னும் இருந்தது.

"இதப் போட்டுட்டு இருந்தா அவிய சாக்ஸயில்லா கழுவுதாவ," என்றாள். "அதுக்கு நீங்க எதுக்கு? கம்புல மாட்டி வச்சாப் போதுமே."

சிலுவை பூட்ஸிலிருந்த தண்ணீரை வெளியே கவிழ்த்துக் கொட்டினார்.

பெரிய வியாழன் மாலை முற்றம் நிரம்பியிருந்தது. திரையில் பீடமும் பூக்களும் பளிச்சென்று தெரிந்தன. ஆயர் எழுபதைத் தாண்டியவர், பருத்த உடம்பு. பிரசங்கம் முடிந்து மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். செம்பையும் பேசினையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வருவது ஜாஸ்பர். அந்த வேலையைக் குழு அவருக்கே ஒதுக்கியிருந்தது. ஆயரின் கழுத்துப் பட்டையில் சின்ன மைக் இருந்தது.

முதல் நாற்காலியில் ஆயர் முழங்காலிட்டு, தண்ணீர் ஊற்றி, துடைக்கப்போய், கையை நிறுத்தினார். விரல்களுக்கிடையே துணி. இது என்ன என்று தணிந்த குரலில் கேட்டது முற்றம் முழுக்கக் கேட்டது. சுகாதார ஏற்பாடு ஆண்டவரே என்று ஜாஸ்பர் சொன்னார். ஆயர் முப்பது வருடமாகப் பல பங்குகளையும் பல செயலாளர்களையும் பார்த்தவர். நனைந்த சாக்ஸைத் துடைத்து, நனைந்த சாக்ஸை முத்தமிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் கையூன்றி எழுந்து, கையூன்றி முழங்காலிட்டார். திரையில் ஒன்றுபோல் பதினொரு கால்கள் வந்துபோயின. துணிக்கடைப் பொம்மையின் கால்கள் மாதிரி அழகாக இருந்தன.

பன்னிரண்டாவது நாற்காலியில் சிலுவை. சீட்டு விழுந்தது ஏழாவது அன்பியத்துக்கு என்றாலும் அவரைக் கடைசியில் போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கேமரா பூக்களைக் காட்ட வேண்டும் என்று டெல்வினுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. ஜாஸ்பர் பேசினைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தார். வெறுங்கால். மஞ்சள் நகத்தோடு தரையில் ஊன்றியிருந்தது.

"சாக்ஸ் எங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"வீட்டுல இருக்கு."

ஜாஸ்பர் பேசினைத் தரையில் வைக்காமல் அப்படியே அந்தக் காலுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார். எழுந்து போய்விடு, கடைசி ஆளுக்கு ஜெபம் மட்டும் போதும் என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சிலுவை எழுந்திருக்கவில்லை. பூங்கனி முன்வரிசையில் இருப்பது தெரிந்தது; அவள் பக்கம் பார்க்கவில்லை. ஆயரைப் பார்த்துப் பேசினார். ஐஸ் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, மைக் இல்லாமலே கேட்டது.

"ஆண்டவரே, எனக்க வெரல் நகத்துல பூஞ்சை. ஏழு வருசமாட்டு இருக்கு. இவிய தந்த மாத்திரைல எனக்க ஈரல் கெட்டு நாலு நாளு பெரியாஸ்பத்திரில கெடந்தேன். லேசர் அடிக்கச் சொன்னாவ, நகத்தப் புடுங்கச் சொன்னாவ, சாக்ஸ் போடச் சொன்னாவ. நான் ஒண்ணுக்கும் இல்ல. நகம் இப்படித்தான் இருக்கும். கழுவணும்னா இந்தக் காலக் கழுவுங்க. இல்லன்னா சொல்லுங்க, நான் எந்திரிச்சிப் போறேன்."

டெல்வின் எழுதிக் கொடுத்ததை மறந்தானா, மறந்த மாதிரி இருந்தானா தெரியாது, கேமரா பூக்களை விட்டுத் திரும்பியது. முற்றத்துத் திரையில் சன்னல் அளவுக்கு அந்த நகம் வந்து நின்றது. வெளியே யாரும் அலறவில்லை. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் என்றாள்.

ஆயர் ஒரு கையை நாற்காலிப் பிடியில் ஊன்றி, பாதி முழங்காலிட்ட நிலையில் இருந்தார். முகத்தில் வேதனை.

"கால நீட்டு மக்கா," என்றார். "எனக்கு முட்டு வலிக்கி."

சிலுவை நீட்டினார். ஜாஸ்பர் பேசினைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. ஆயர் மற்றவர்களுக்கு ஊற்றிய அளவே ஊற்றினார். விரல்களுக்கிடையே துண்டை விட்டு ஈரம் போகத் துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அழுகை வரும் என்று சிலுவை நினைத்திருந்தார். வரவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அவர் காலில் பட்ட வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம்.

ஆயர் எழுந்து பீடத்தை நோக்கி இரண்டடி வைத்திருப்பார். மூன்றாம் நாற்காலியில் மரியலூயிஸ் கிழவர் குனிந்து, ஈரச் சாக்ஸை விரல் நுனியில் பிடித்து உருவத் தொடங்கியிருந்தார். அது சவ்வு மாதிரி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தாணம்மாள் தன்னுடையதைக் கழற்றிவிட்டு அவருக்கும் கழற்றிக் கொடுத்தாள். ஆசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கழற்றினார். சுண்டுவிரல் இல்லாதவர் கழற்றினார். வங்கி குமாஸ்தாவுக்குக் கழற்ற வேண்டிய அவசியம் எதுவுமில்லை, அவரும் கழற்றினார். பதினொரு சாக்ஸுகள் பளிங்குத் தரையில் சொதசொதவென்று விழுந்தன. பதினொரு கால்கள் முன்னால் நீண்டன. நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சடங்கு முடிந்துவிட்டது, பூசை நேரம் தாண்டுகிறது, நேரலை இதோடு முடிய வேண்டும் என்று ஜாஸ்பர் ஆயரின் காதருகில் சொன்னார். அதுவும் மைக்கில் கேட்டது. ஆயர் அந்தக் கால்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். முழங்காலை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டார். பிறகு முதல் நாற்காலிக்குத் திரும்பிப் போய், கையூன்றி, மெல்ல இறங்கினார்.

"செயலாளரே, தண்ணி தீந்துபோச்சு," என்றார். "போய்க் கோரிட்டு வாரும்."